சான்றிதழை லேமினேட் செய்வதற்கு முன்





பிளஸ் டூ ரிசல்ட் வந்து பத்து நாள் ஆனால் போதும், நமக்கு வரும் தபாலின் முகமே மாறிவிடும். கவிதைகளும் துணுக்குகளும் கொஞ்சம் ஒதுங்கி நிற்க, 'அடுத்து என்ன படிக்க வைக்கலாம்?' என்ற கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்து உட்காரும். இந்த முறை வந்தவற்றில் ஒன்று மட்டும் என் மேஜையை விட்டு நகர மாட்டேன் என்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா, நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் காமர்ஸ் குரூப் எடுத்துத் தேறிவிட்டாள். இந்த வருஷம் காலேஜுக்கு அனுப்ப வீட்டில் வழியில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். ஆறு மாதக் கோர்ஸ், முடித்ததும் வேலை என்கிறார்களாம். அவர்கள் கேட்கும் பணம் இந்த வீட்டின் இரண்டு மாத வருமானம். "சேர்க்கவா, வேண்டாமா என்று மட்டும் எழுதினால் போதும் ஐயா" என்று முடித்திருக்கிறார்.

ஒரு சொல்லில் பதில் கேட்டிருக்கிறார். எனக்கோ ஒரு பக்கம் தேவைப்படுகிறது. எனவே இந்த மாத ஆசிரியர் பக்கம் முழுவதும் அந்த அம்மாவுக்கு. மற்றவர்கள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொள்ளுங்கள்.

நானும் அப்படி ஒரு மாடிப்படி ஏறியவன்தான் அம்மா. தொண்ணூறுகளின் தொடக்கம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு ஆகாது என்பார்கள். ஊரில் அப்போது ஏ.சி. போட்ட அறை என்றால் ஒரு பேங்க் மேனேஜருடையது, இன்னொன்று இது. ஒரு மிஷினுக்கு மூன்று பேர். ஒருவன் தட்டுவான், இரண்டு பேர் பார்ப்போம். பார்த்ததற்கும் அதே ஃபீஸ்தான். டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்று நான்கு பெயர்களை மந்திரம் மாதிரி உருப்போட்டோம். முடிவில் மூலையில் ஹாலோகிராம் மின்னும் டிப்ளமோ ஒன்று கொடுத்தார்கள். அப்பா அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு போய் லேமினேட் செய்துவிட்டார். அதற்காக அவர் அடகு வைத்தது என்ன என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அதை எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிய எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னலுக்குள் இருந்தவர் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, பரிதாபமாகச் சிரித்தார். "இதெல்லாம் பதிய முடியாது தம்பி. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருக்கியா? அந்த சர்ட்டிபிகேட்டைக் கொடு." பண்ணியிருந்தேன். ஸ்கூல் லீவில் பொழுது போகவில்லை என்று பாட்டி சேர்த்துவிட்ட கிளாஸ் அது. எனக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்ததும் அந்த லோயர்தான். அச்சகம் ஒன்றில் பேஜ்மேக்கரில் தமிழ் அடிக்க ஆள் தேவைப்பட்டது. பேஜ்மேக்கரை நான் அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. முதலாளி என் விரல்களை மட்டும் இரண்டு நிமிஷம் பார்த்தார், நாளைக்கு வா என்றார். லேமினேட் செய்த டிப்ளமோ இன்னும் பீரோவில் இருக்கிறது. மின்னுவதுகூடக் குறையவில்லை.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரு பரிசோதனையை இன்றுவரை எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். இந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, எண்ணைச் சரிபார்த்து, பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளும் அலுவலகம் ஏதாவது உண்டா? உண்டு என்றால் அது சான்றிதழ். இல்லை என்றால் பணம் கட்டியதற்கான ரசீது, கொஞ்சம் கெட்டித் தாளில்.

டி.சி.ஏ., எச்.டி.சி.ஏ. என்று தனியார் சென்டர்கள் தரும் எழுத்துக் கோர்வைகளில் பெரும்பாலானவை ரசீதுகள்தான். அங்கே எதுவும் சொல்லித் தருவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல மாஸ்டர் அமைந்துவிட்டால் ஆறு மாதத்தில் பிள்ளை கை தேர்ந்து வெளியே வரும், அப்படி வந்தவர்கள் நம் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் அங்கே நீங்கள் வாங்குவது அந்த மாஸ்டரின் நேரத்தை. தாளுக்கென்று தனியாக விலை கொடுக்காதீர்கள்.

அப்படியானால் அலுவலகங்கள் கேட்டு வாங்கும் தாள் எது? தமிழ்நாட்டில் அதற்கு ஒரு பழைய முன்வாசல் இருக்கிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். காலை ஆறு மணிக்கு ரெமிங்டனும் ஃபாசிட்டும் கோத்ரெஜும் சேர்ந்து சடசடக்கும் தெருக்கள் நம் எல்லா டவுன்களிலும் இருந்தன. கோத்ரெஜ் டைப்ரைட்டர் தயாரிப்பதை நிறுத்திப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆனாலும் அந்தத் தெருக்கள் இன்னும் முழுசாக ஓயவில்லை. காரணம், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும். லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று.

இதே இயக்ககம்தான் சி.ஓ.ஏ. என்ற கணினித் தேர்வையும் நடத்துகிறது. அலுவலகத்தில் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கான சான்றிதழ் படிப்பு. வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட், இன்டர்நெட் என்று பாடமெல்லாம் நீங்கள் எதிர்பார்ப்பதுதான், பிரமிக்க எதுவுமில்லை. ஆனால் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணியிடங்களுக்குப் பத்தாம் வகுப்போடு தட்டச்சு கேட்கிறார்கள், கூடவே இந்த சி.ஓ.ஏ.வையும் கேட்கிறார்கள். விண்ணப்பிக்கும்போது கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வேலைக்குச் சேர்ந்து தகுதிகாண் பருவம் முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று விதி. தட்டச்சர் பணியின் சம்பள ஏற்ற முறை 19,500 முதல் 71,900 வரை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை. குரூப் 4 எழுதும் கூட்டம் உங்களுக்கே தெரியும், ஒரு தேர்வுக் கூடத்துக்கு வெளியே நின்றால் திருவிழா மாதிரி இருக்கும். அந்தக் கூட்டத்தில் இரண்டு ஹையரும் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்த்தால், வரிசை சட்டென்று குட்டையாகிவிடும். வேலை நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன். பரீட்சையைப் படித்து எழுத வேண்டும். ஆனால் தெருமுனை வரை நீண்ட வரிசையில் நிற்பதை விட இந்த வரிசையில் நிற்பது மேல்.

நாடு முழுவதும் செல்லுபடியாகும் இன்னொரு ஏணி இருக்கிறது. நம் ஊரில் அதிகம் பேசப்படாதது. மத்திய அரசு 1990இல் டோயெக் என்ற பெயரில் தொடங்கிய திட்டம், 2011இலிருந்து நைலிட் என்ற நிறுவனமாக இயங்குகிறது. சென்னையில் காந்தி மண்டபம் சாலையில் அலுவலகம். ஏணியின் அடிப்படி சி.சி.சி. என்ற 80 மணி நேரப் படிப்பு. இதற்கு இவ்வளவு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. கணினியில் உட்கார்ந்து 90 நிமிஷத்தில் 100 கேள்விக்கு விடை சொல்ல வேண்டும், பாதி வாங்கினால் பாஸ். உத்தரப் பிரதேசத்தில் எழுத்தர் வேலைகளுக்கு இதைக் கேட்பது சகஜம், நம் பக்கம் அவ்வளவு மவுசு இல்லை. அடுத்த படியான 'ஓ லெவல்' வேறு ரகம். பிளஸ் டூ முடித்தவர்கள் எழுதலாம், சென்டரில் சேராமல் நேரடியாகவும் எழுதலாம். ஜனவரியிலும் ஜூலையிலும் தேர்வு. நான்கு தாள்கள். முதலில் ஆபீஸ் மென்பொருளும் நெட்வொர்க் அடிப்படையும், இரண்டாவது வெப் டிசைனிங், மூன்றாவது பைத்தான் மொழியில் புரோகிராமிங், நான்காவது பொருட்களின் இணையம் என்று நாம் சொல்லும் ஐ.ஓ.டி. கூடவே செய்முறையும் ஒரு புராஜெக்டும். விளையாட்டாக எழுதித் தள்ளிவிட முடியாது. முடித்தவர்கள் அதற்கு மேல் ஏ, பி, சி என்று எம்.டெக். தரம் வரை ஏறுவதற்கென்றே கட்டிய ஏணி. மத்திய அரசு வேலை அறிவிப்புகளைப் படிக்கும்போது 'ஓ லெவல்' என்ற சொல் அவ்வப்போது தலைகாட்டும், கவனியுங்கள்.

மூன்றாவதாக ஒன்று. இதுதான் அந்த அம்மாவின் வீட்டுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐ.டி.ஐ.யில் 'கோபா' என்று ஒரு டிரேடு. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அண்ட் புரோகிராமிங் அசிஸ்டென்ட் என்பதன் சுருக்கம். ஐ.டி.ஐ. என்றதும் ஃபிட்டரும் வெல்டரும் நீலச் சட்டையும்தான் நம் நினைவுக்கு வருகிறது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. கோபா ஒரு வருஷம்தான். பத்தாம் வகுப்புப் போதும். ஆபீஸ் வேலை, டேட்டாபேஸ், எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் உண்டு. அரசு ஐ.டி.ஐ. என்றால் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் வேறு. முடிவில் கிடைப்பது இந்தியா முழுவதும் ஏற்கும் தேசியச் சான்றிதழ். நெய்வேலி என்.எல்.சி. மாதிரியான பொதுத்துறை நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுக்கும்போது கோபா முடித்தவர்களுக்கும் இடம் இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் மேலே படித்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலிருந்து நடக்கிறது. அது காலேஜுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐ.டி.ஐ. படிப்புக்கும் அது உண்டு. ஆக, மாடியில் இரண்டு மாத வருமானத்தைக் கேட்கிறார்கள், இங்கே உங்கள் மகளுக்குக் கொடுக்கிறார்கள்.

சரி, படித்தாயிற்று. வேலை? இங்கேதான் விளம்பரங்கள் வாயடைத்துப் போகும். அறிமுக நிலைக் கணினிப் படிப்பு ஒன்றை வைத்துக்கொண்டு யாரும் சிறுசேரிக்குப் போய் சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஆகிவிட முடியாது. கிடைக்கும் வேலைகளுக்கு வேறு முகவரிகள். தாலுகா ஆபீசில், யூனியன் ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பெரும்பாலும் தொகுப்பூதியம் அல்லது அவுட்சோர்சிங், நிரந்தரம் என்று யாராவது சொன்னால் உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். இ-சேவை மையம். ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டர். திருப்பூர் பனியன் கம்பெனிகளில், சிவகாசி அச்சகங்களில், விருதுநகர் மண்டிகளில் கணக்கு. கடைசியில் சொன்னதற்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரிய வேண்டும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து சின்ன மளிகை மொத்த வியாபாரிகூட மாதா மாதம் கணக்குத் தாக்கல் செய்ய ஆள் தேடுகிறார். காமர்ஸ் படித்த பெண்ணுக்கு அங்கே ஒரு அனுகூலம் இருக்கிறது. டெபிட், கிரெடிட் என்றால் என்னவென்று தெரியாமல் டேலியின் பட்டன்களை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மார்ச் மாதம் வந்தால் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். பட்டனை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம், பேரேட்டை அப்படிக் கற்றுக்கொள்ள முடியாது.

நம் அலுவலகக் கதை ஒன்று சொல்கிறேன். இது வெளியே போகக் கூடாது என்று சர்க்குலேஷன் பிரிவில் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே உங்களுக்கு மட்டும்.

சந்தாதாரர் பட்டியல் எக்செல்லில் இருக்கிறது. ஒரு மாதம் பெயர்களை அகர வரிசையில் அடுக்க வேண்டியிருந்தது. பொறுப்பில் இருந்தவர் பட்டதாரி, கையில் இரண்டு மூன்று டிப்ளமோ. பெயர் இருந்த பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று எக்செல் நாகரிகமாக ஒரு வார்த்தை கேட்டது. அவர் அவசரத்தில் வேண்டாம் என்றார். பெயர்கள் எல்லாம் அழகாக அடுக்கிக்கொண்டன, முகவரிகள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றன. அந்த மாதம் நாமக்கல் வாசகரின் இதழ் நாகர்கோவிலுக்குப் போனது. நாகர்கோவில்காரரின் பெயர் ஒட்டிய இதழ் வாணியம்பாடியில் ஒரு வீட்டில் இறங்கியது. இரண்டு நாள் டெலிபோன் ஓயவில்லை.

காப்பாற்றியது அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண். டைப்ரைட்டிங் ஹையரும் சி.ஓ.ஏ.வும் மட்டும் படித்தவர். தினமும் மாலை கிளம்புவதற்கு முன் அந்தப் பட்டியலைத் தேதி போட்டு வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை. "எங்க மேடம் இன்ஸ்டிட்யூட்ல அடிச்சுச் சொல்லிக் கொடுத்தது சார்" என்றார். முந்தின நாள் பிரதியைத் திறந்தோம், எல்லாம் இருந்தது. இன்றைக்கு சர்க்குலேஷன் பிரிவே அவர் கையில்தான் இருக்கிறது.

எக்செல்லைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் இரண்டு குழிகளையும் காட்டிவிடுகிறேன். சைபரில் தொடங்கும் எண்ணை அப்படியே தட்டினால் சைபரை விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் கணக்கு எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கங்களைச் சத்தமில்லாமல் சைபராக்கிவிடும். அந்தக் கட்டத்தை முன்கூட்டியே எழுத்து வடிவம் என்று மாற்றிவிட்டுத் தட்ட வேண்டும். எவ்வளவு சம்பளப் பணம் யார் யார் கணக்கைத் தேடி அலைந்திருக்கும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. இதைப் பாடத்தில் சொல்லித் தரும் மாஸ்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது தமிழ். இதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

நமக்கு வரும் படைப்புகளில் ஒன்று பாமினி எழுத்துருவில் இருக்கும், இன்னொன்று வானவில் அவ்வையாரில் இருக்கும். சிலது பெயரே தெரியாத பழைய எழுத்துரு ஒன்றில். திறந்தால் திரையில் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் கலந்த கிச்சடி. அதை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றும்போது உடைந்த கொம்பையும் காலையும் சரிசெய்து தரத் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அரசு அலுவலகங்களிலும் இதே பாடுதான் என்று அங்கே இருக்கும் நண்பர்கள் புலம்புகிறார்கள். பழைய கோப்புகள் ஒரு குறியாக்கத்தில், புதியவை யூனிகோடில். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடுக்கு மாறுவது என்று அரசு முடிவெடுத்தது. கோப்புகள் அவ்வளவு சீக்கிரம் மாறுமா?

உங்கள் மகளுக்குத் தமிழ்99 விசைப்பலகை தெரிந்திருக்கட்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் வடிவம் பெற்றது அது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் வலது கையில். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என்று 31 விசைக்குள் 247 எழுத்தும் அடங்கிவிடும். 'க'வை இரண்டு முறை அடித்தால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக விழும், 'பக்கம்' என்று அடிக்கும்போது நடுவில் வரும் 'க்'குக்காகப் புள்ளியைத் தேடி விரல் அலைய வேண்டியதில்லை. நம் இலக்கணம் விசைப்பலகையில் எவ்வளவு வசதியாக உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஆங்கில எழுத்தில் 'அம்மா'வைத் தட்டித் தமிழாக்கும் செல்போன் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்து அடிப்பவருக்கு அது தோசைக்கல்லைத் தாண்டி அடுத்த வீட்டு அடுப்பில் தோசை வார்ப்பது மாதிரி. அரசுத் தேர்வுக்குத் தட்டச்சு இயந்திரத்தின் பழைய அமைப்பு தேவைப்படும்தான். பிள்ளைகளின் விரல் இரண்டையும் பழகிக்கொள்ளும்.

'இனிமேல் பேசினாலே கம்ப்யூட்டர் தட்டிக்கொள்கிறதே, தட்டச்சு எதற்கு?' என்று நம் துணையாசிரியர் ஒருவர் இதை எழுதும்போதே எட்டிப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்வி. பார்த்துப் பார்த்து அப்படியே தட்டும் வேலை தேய்ந்துகொண்டுதான் வருகிறது, அதை மறைத்துவிட்டு உங்கள் மகளைச் சேர்க்கச் சொன்னால் நானும் அந்த மாடி சென்டர் ஆள் மாதிரி ஆகிவிடுவேன். இப்போது என் செல்போனில் பேசினால் தமிழில் எழுதித் தருகிறது. பழைய இதழின் பக்கத்தைப் படம் பிடித்தால் எழுத்தாக்கித் தருகிறது. போன மாதம் அப்படி எடுத்த ஒரு கட்டுரையில் 'பழம்' எல்லாம் 'பலம்' ஆகி, 'பணி' எல்லாம் 'பனி'யாகி வந்தது. ஒருவர் உட்கார்ந்து திருத்தினார். இயந்திரம் தட்டியதை மூலத்தோடு ஒப்பிட்டு, தவறு எங்கே இருக்கும் என்று மோப்பம் பிடிக்கும் ஆள் தேவைப்படுகிறார். அவருக்கும் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும், சொல்லப்போனால் தட்டியவரை விடக் கொஞ்சம் கூடுதலாக.

ஏணியில் மேலே ஏற ஆசை வந்தால்? வர வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு வீட்டிலிருந்தே படிப்பது. பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவரும் தகுதித் தேர்வைத் தாண்டினால் சேரலாம். அடித்தளம், டிப்ளமோ, பட்டம் என்று ஒவ்வொரு படியிலும் சான்றிதழோடு இறங்கிக்கொள்ளலாம், குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. கணக்கு பிடிக்காத பிள்ளைக்கு மூச்சு முட்டும், முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஜோஹோ நிறுவனம் இருபது வருஷமாகப் பிளஸ் டூ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்சி தந்து வேலையில் வைத்துக்கொள்கிறது. நுழைவுத் தேர்வில் கணக்கும் புரோகிராமிங் மூளையும்தான் பார்ப்பார்கள். காசில்லாமல் வீட்டிலேயே தொடங்க வேண்டுமானால் மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் இருக்கிறது, லிப்ரே ஆபீசிலிருந்து பைத்தான் வரை சின்னச் சின்ன வீடியோக்கள், பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. து. நித்யா 'எளிய தமிழில்' என்ற வரிசையில் எழுதிய நூல்களைக் கணியம் இணையதளம் இலவசமாகத் தருகிறது. காசு கொடுத்து வாங்கும் பல தடிப் புத்தகங்களை விட அவை தெளிவு.

இன்னொரு விஷயம் அம்மா. உங்கள் மகளின் குரூப்பில் 'கணினி பயன்பாடுகள்' என்று ஒரு பாடம் இருந்ததா என்று கேளுங்கள். பாடத்திட்டம் 2018இல் மாறத் தொடங்கிய பிறகு அந்தப் பாடத்துக்குள் எச்.டி.எம்.எல்.லும் பி.எச்.பி.யும் வந்துவிட்டன. இருந்தது என்றால், மாடியில் காசு கொடுத்துப் படிக்கப் போவதில் பாதி உங்கள் வீட்டுப் பரணில் பழைய பேப்பர்க்காரருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. போட்டுவிடாதீர்கள்.

ஆக, என் பதில். மாடி சென்டர் இப்போதைக்கு வேண்டாம். முதலில் பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்கு மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள், கோபாவில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், சேர்க்கைக்குக் கடைசித் தேதியையும் எழுதிக்கொண்டு வாருங்கள். காலையிலோ மாலையிலோ ஒரு மணி நேரம் டைப்ரைட்டிங். தமிழ் லோயரில் தொடங்கட்டும். அடுத்த வருஷம் காலேஜ் கதவு திறந்தால் அதிலும் நுழையலாம், இதில் எதுவும் வீணாகாது. ஒருவேளை ஐ.டி.ஐ.யில் இடம் இல்லாமல் மாடிப்படிதான் ஏற வேண்டும் என்றால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவீர்களா என்று கேளுங்கள். விட்டால், ஒரு மிஷினுக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். போன பேட்ச் பிள்ளைகள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் போட்டோக்களைக் காட்டுவார்கள், அவர்களில் இரண்டு பேரோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். மொத்தப் பணத்தையும் முதல் நாளே கேட்டால் திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிடுங்கள்.

சான்றிதழ் எது வந்தாலும் லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். சரிபார்க்கும் இடத்தில் முத்திரையையும் கையெழுத்தையும் தடவிப் பார்ப்பார்கள், பின்பக்கம் ஏதாவது எழுத வேண்டியும் வரும். ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வைத்தால் போதும். அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்த கடிதத்தை உங்கள் மகளே எழுதட்டும், அம்மா. தமிழ் லோயர் முடிந்த பிறகு, யூனிகோடில் தட்டி மின்னஞ்சலில் அனுப்பட்டும். ஃபைலுக்குத் தன் பெயரையும் தேதியையும் வைக்கச் சொல்லுங்கள். 'நியூ டாக்குமெண்ட் 1' என்ற பெயரில் எங்களிடம் ஏற்கெனவே நானூறு கதைகள் இருக்கின்றன.

அன்புடன்,
ஆசிரியர்